நாற்காலி காலியான பிறகு

(மதுரையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் இடையிடையே வந்த கிளைச் செய்திகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



பொதுவாழ்வில் நேர்மை என்ற பொருளில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அறக்கட்டளையார் உரிமை கொடுத்தார்கள். அகன்ற பொருள். அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊழல் புகார் எழுகிறது, பதவியில் இருப்பவர் ராஜினாமா செய்கிறார். அந்த ராஜினாமாவால் மக்களுக்கு என்ன கிடைக்கிறது? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

ராஜினாமாச் செய்தி வந்ததும் நம் தெருவில் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தரப்பு பட்டாசு வெடிக்கும், மறு தரப்பு சதி என்று சொல்லும். இரண்டு நாளில் டீக்கடைப் பேச்சு, அடுத்து யார் வருவார் என்பதற்குத் தாவிவிடும். புகார் என்னவாக இருந்தது, பணம் எங்கே போனது என்பதெல்லாம் அந்தத் தாவலில் கீழே விழுந்துவிடும். கடையை விட்டுப் போகிற கணக்குப்பிள்ளை சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டால் எந்த முதலாளியும் விட்டுவிட மாட்டார். பேரேட்டை எடு என்பார். நாம் மட்டும் சாவியை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து விடுகிறோம். பதவி விலகலும் விசாரணை ஆவணமும் சேர்ந்து வந்தால்தான் மக்களுக்குப் பயன், ஒன்று மட்டும் வந்தால் பாதிப் பயன்கூட இல்லை என்பதே என் வாதம்.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். 1956 நவம்பர் 23 அன்று, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் பாலத்தைப் பழுதாக்கவில்லை, வெள்ளத்தையும் அனுப்பவில்லை. துறையின் தலைவர் என்ற முறையில் பொறுப்பேற்றார். தமிழ்நாட்டில் ராஜினாமா என்ற உடனே பெரியவர்களுக்கு இந்த நினைவுதான் வரும். அது தார்மிகப் பொறுப்பு. பணம் வாங்கினார் என்ற புகாருக்கு ஆளானவரின் விலகல் வேறு வகை. பின்னது எப்போதும் முன்னதன் பெருமையைக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறது. அந்தக் கடனை நாம் கொடுக்கக் கூடாது.

இனி ஆறு கருத்துகளாகச் சொல்கிறேன்.

1. விலகலுக்கு முன்னால் யாரோ ஒருவர் தாளைப் படித்திருக்க வேண்டும்

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல் விவகாரம் ஒரு தமிழரின் பதவியைக் கொண்டுபோனது. டி.டி.கே. எனப்படும் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சாதாரண ஆள் அல்லர். அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர், நேருவின் நிதி அமைச்சர். 1956-ல்தான் 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் எல்.ஐ.சி. ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. முந்த்ரா அப்போது கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தவர். பாலிசிதாரர் பணம் அவருக்குக் கைகொடுக்கப் போனது.

இதை அவையில் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ரேபரேலியின் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமரின் மருமகன் பெரோஸ் காந்தி. 1957 டிசம்பரில் மக்களவையில் அவர் பேசியபோது கையில் இருந்தது ஆவேசம் மட்டும் அல்ல. எந்த நிறுவனத்தின் பங்கு, என்ன விலை, எந்த நாள் என்ற விவரமும், அமைச்சருக்கும் செயலாளருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தும் இருந்தன. குற்றச்சாட்டை மறுப்பது எளிது, தேதியை மறுப்பது கடினம்.

மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். மேடை முழக்கத்துக்காக எந்த அமைச்சரும் வீட்டுக்குப் போனதில்லை. கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒருவர் எங்கோ உட்கார்ந்து படித்திருப்பார். ஊழல் ஒழிய வேண்டும் என்று பேசுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். வரவு செலவு அறிக்கை படிப்பவர்கள்தான் போதவில்லை.

2. ஒரே மனிதர், இரண்டு ராஜினாமா

டி.டி.கே.யின் வாழ்வு இந்தப் பொருளுக்குக் கிடைத்த அரிய சோதனைச்சாலை. அவர் நிதி அமைச்சர் பதவியிலிருந்து இருமுறை விலகினார்.

முதல் முறை, 1958. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒருநபர் ஆணையமாக அரசு நியமித்தது. விசாரணை பம்பாயில் திறந்த அவையில் நடந்தது. கூட்டம் உள்ளே கொள்ளாததால் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். அமைச்சர் சாட்சி சொன்னார், செயலாளர் எச்.எம். படேல் சாட்சி சொன்னார், ரிசர்வ் வங்கி ஆளுநரும் சொன்னார். ஒரு மாதத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே அரசியலமைப்பு முறைப்படி பொறுப்பு என்றார் சாக்ளா. பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். முந்த்ரா பின்னர் சிறை சென்றார்.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். 1962-ல் டி.டி.கே. திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றி மக்களவைக்கு வந்தார், அமைச்சரவைக்குத் திரும்பினார், 1963-ல் மீண்டும் நிதி அமைச்சரானார். எச்.எம். படேலும் 1977-ல் ஜனதா ஆட்சியில் நிதி அமைச்சரானார். அந்த விசாரணையால் அவர்கள் அழிந்துவிடவில்லை. அவரவர் பங்கு எவ்வளவு என்பது பதிவாகிவிட்டதால், நாடு அதை எடைபோட்டு மீண்டும் அழைக்க முடிந்தது.

இரண்டாம் முறை, 1965. மகன்களின் தொழில்களுக்குச் சலுகை கிடைத்தது என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் புகார் எழுதினார்கள். அப்போது பிரதமர் யார்? அரியலூருக்காகப் பதவி துறந்த அதே சாஸ்திரி. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி புகாரைப் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்றார் அவர். பிரதமரே புகாரைத் தள்ளிவிட வேண்டும் என்பது டி.டி.கே.யின் எதிர்பார்ப்பு. ஆண்டின் கடைசியில் அவர் விலகினார். பதினொரு நாளில், 1966 ஜனவரி 11 அன்று, சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். விஷயம் அப்படியே அடங்கிவிட்டது.

புகார் உண்மையா, பொய்யா? நாட்டுக்கு விடை கிடைக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் அந்த மனிதருக்கு நேர்ந்தது பெரிய அநீதி. உண்மையாக இருந்திருந்தால் நாட்டுக்கு நேர்ந்தது அநீதி. விசாரணை நடக்காத ராஜினாமாவில் யாராவது ஒருவர் ஏமாந்தே தீர வேண்டும். இதற்கு மாறான ஒன்றும் உண்டு. 1996-ல் ஹவாலா வழக்கில் குற்றப்பத்திரிகை வந்ததும் எல்.கே. அத்வானி மக்களவை உறுப்பினர் பதவியை விட்டார். 1997-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது, 1998-ல் மீண்டும் தேர்தலில் நின்றார். அவருடைய அரசியல் யாருக்குப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பது வேறு. விலகிய ஒருவர் திரும்பி வருவதற்கான வழியையும் விசாரணைதான் அமைக்கிறது.

3. பேரமாகும் ராஜினாமா

1973 அக்டோபர் 10. அமெரிக்கத் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ பதவி விலகினார். ஊழல் புகாரால் அப்பதவியைத் துறந்த முதல் ஆள் அவர். பால்டிமோர் வட்டாரத்தில் பாலம், சாலை வடிவமைக்கும் பொறியாளர் நிறுவனங்கள் அரசு காண்ட்ராக்ட் பெறுவதற்குக் கமிஷன் கொடுத்து வந்தன. அக்னியூ மாவட்ட நிர்வாகியாக இருந்தபோது தொடங்கியது, ஆளுநரானபோதும் தொடர்ந்தது, துணை அதிபரான பிறகும் உறை வந்துகொண்டிருந்தது என்பதே அரசு வழக்கறிஞர்களின் குற்றச்சாட்டு. அவர்களுக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் பீல், அக்னியூவின் அதே குடியரசுக் கட்சிக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அண்ணன் அந்தக் கட்சியின் செனட்டர்.

அப்போது வாட்டர்கேட் விவகாரத்தால் அதிபர் நிக்சனின் நாற்காலியே ஆடிக்கொண்டிருந்தது. நிக்சன் போய்விட்டால் லஞ்சப் புகாருக்கு ஆளானவர் அதிபராகிவிடுவாரே என்ற அச்சம் அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனுக்கு. பேரம் பேசினார்கள். அக்னியூ விலகுவார். 1967-ம் ஆண்டு வருமான வரி ஏய்ப்பு என்ற ஒரே குற்றச்சாட்டை எதிர்த்து வாதாட மாட்டார். சிறை கிடையாது. 10,000 டாலர் அபராதம், மூன்றாண்டு நன்னடத்தைக் காலம். அவ்வளவுதான்.

இது அநியாயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ரிச்சர்ட்சன் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கவில்லை. திரட்டிய சாட்சியத்தின் சாரம் 40 பக்கங்களில் நீதிமன்றப் பதிவில் ஏற வேண்டும் என்றார். ஏறியது. அக்னியூ பிறகு நூல் எழுதித் தாம் நிரபராதி என்று வாதாடினார். அந்த 40 பக்கங்களை அதற்குள் ஊரெல்லாம் படித்தாகிவிட்டது.

கதை அங்கே முடியவில்லை. ஒரு சட்டப் பேராசிரியரின் வகுப்பு மாணவர்கள் வழி தேடிக்கொடுக்க, மேரிலாந்துக் குடிமக்கள் சிலர் 1976-ல் வழக்குப் போட்டார்கள். எங்கள் மாநிலத்துக்குச் சேர வேண்டிய பணத்தைத் திருப்பிக் கொடு என்பதே கோரிக்கை. 1981-ல் நீதிமன்றம் அக்னியூ லஞ்சம் வாங்கினார் என்று தீர்ப்பளித்து, வட்டியோடு 2,48,735 டாலர் கட்டச் சொன்னது. 1983-ல் கட்டினார். பத்தாண்டு பிந்தினாலும் அரசுக் கருவூலத்துக்குப் பணம் வந்தது. பதவியைப் பறித்தது பேரம், பணத்தை மீட்டது பதிவு.

4. இரண்டாம் இடத்தில் இருப்பவரைப் பலி கொடுத்தல்

துணைப் பதவிகளுக்கு ஒரு விபரீதப் பயன் உண்டு. மேலே நெருக்கடி வந்தால் அவர்களை விலகச் செய்து, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று காட்டலாம்.

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்றொரு சிறு நாடு. 2015 ஏப்ரலில், ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு இயங்கிய விசாரணை ஆணையமும் அந்நாட்டு அரசு வழக்கறிஞர்களும் சுங்கத் துறையில் ஒரு கும்பலை வெளிப்படுத்தினார்கள். இறக்குமதியாளர் கட்ட வேண்டிய வரியைக் குறைத்துப் போடுவது, குறைந்ததில் ஒரு பங்கை லஞ்சமாக வாங்குவது. சூத்திரம் நமக்குப் புதிதல்ல. கும்பலின் தலைவர் என்று சொல்லப்பட்டவர் துணை அதிபர் ரொக்சானா பால்டெட்டியின் தனிச் செயலாளர். சனிக்கிழமைதோறும் மக்கள் தலைநகரின் சதுக்கத்தில் கூடினார்கள். மே 8 அன்று பால்டெட்டி விலகினார். அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினா அத்துடன் தப்பிவிடலாம் என்று எண்ணினார் போலும்.

தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகள் ஆணையத்திடம் இருந்தன. ஆகஸ்டில் பால்டெட்டி கைதானார். செப்டம்பர் தொடக்கத்தில் அதிபரும் விலகினார். 2022 டிசம்பரில் இருவருக்கும் 16 ஆண்டுச் சிறைத் தண்டனை. அதற்கு முன்பே, 2018-ல், வேறொரு வழக்கில் பால்டெட்டிக்கு 15½ ஆண்டு. அமட்டிட்லான் ஏரியின் கழிவைப் போக்க ஒரு மருந்து நீர் தெளிக்கிறோம் என்று ஏறக்குறைய 1.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம். சோதித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். வண்டியூர்க் கண்மாயையும் மாடக்குளத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

இதற்கு ஒரு கசப்பான பின்னுரையும் உண்டு. அடுத்த தேர்தலில் வென்று வந்த அதிபர் அந்த ஆணையத்தின் காலத்தை நீட்டிக்க மறுத்தார். 2019-ல் அது மூடப்பட்டது. ஆட்கள் மாறினார்கள், விசாரிப்பவரும் வெளியேற்றப்பட்டார். இரண்டாம் இடத்தின் விலகல் முதல் இடத்துக்கு அரணாகாமல் இருக்க வேண்டுமானால், விசாரிப்பவரின் நாற்காலி உறுதியாக இருக்க வேண்டும்.

5. காலமும் கணக்கில் சேரும்

சிங்கப்பூரில் போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் தமிழர். 2023 ஜூலையில் கைதாகி ஜாமீனில் வந்தார். 2024 ஜனவரி 18 அன்று 27 குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன, விலகலும் அறிவிக்கப்பட்டது. கைதான நாள் முதல் வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தருவதாகக் கடிதத்தில் எழுதினார். பின்னர் குற்றச்சாட்டுகள் 35 ஆயின. தொழிலதிபர்களிடமிருந்து பார்முலா ஒன் பந்தய டிக்கெட், நாடக டிக்கெட், விஸ்கி, ஒரு சைக்கிள் என்று பெற்ற பொருள்களின் மதிப்பு 4 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல். செப்டம்பரில் ஐந்து குற்றங்களை ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு ஆறு முதல் ஏழு மாதச் சிறை கேட்டது. அக்டோபர் 3 அன்று நீதிபதி 12 மாதம் கொடுத்தார்.

சிங்கப்பூர் அரசியல் முறையைப் பற்றி எனக்குப் பல மாற்றுக் கருத்துகள் உண்டு. அங்கு ராஜினாமாவிலிருந்து தீர்ப்புக்கு ஒன்பது மாதம்கூட ஆகவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். நம் நாட்டில் விலகியவர் மீதான வழக்கு முடிவதற்குள் சாட்சிகள் முதுமை அடைகிறார்கள், கோப்புகள் செல்லரிக்கின்றன, மக்கள் இரண்டு மூன்று தேர்தல்களைக் கடந்துவிடுகிறார்கள்.

6. மேலூரும் மதுரையும்

கடைசியாக நம் மண்ணுக்கு வருகிறேன். மேலூர் வட்டாரத்தில், கீழவளவு, கீழையூர்ப் பக்கம் போனால் வெட்டி எடுக்கப்பட்ட குன்றுகளின் பள்ளங்களைக் காணலாம். 2012-ல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு ரூ.16,000 கோடிக்கு மேல் இழப்பு என்று அரசுக்கு எழுதினார். விரைவிலேயே மதுரையிலிருந்து மாற்றப்பட்டுக் கோ-ஆப்டெக்ஸுக்குப் போனார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் தந்த அறிக்கை, இழப்பு ரூ.1 லட்சம் கோடிக்கு மேல் என்றது. ஆவணம் பல்லாயிரம் பக்கம். எந்த அமைச்சர் விலகினார்? ஒருவரும் இல்லை. 1965-ல் ராஜினாமா இருந்தது, ஆவணம் இல்லை. மேலூரில் ஆவணம் இருக்கிறது, ராஜினாமா இல்லை. இரண்டும் ஒரே குறையின் இரு பக்கங்கள்.

மதுரை நகருக்கு வருவோம். 2025-ல் வெளியான மாநகராட்சிச் சொத்து வரி விவகாரம் இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டார்கள், அதிகாரிகளின் பாஸ்வேர்டைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பது புகார். அந்தப் புகார் மாநகராட்சி ஆணையர் அலுவலகத்திலிருந்தே போலீசுக்குப் போனது நல்ல செய்தி. ஜூலையில் மண்டலத் தலைவர்கள் விலகினார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் டி.ஐ.ஜி. தலைமையில் சிறப்புக் குழு அமைந்தது. ஆகஸ்டில் மேயரின் கணவர் கைதானார். அக்டோபரில் மேயர் இந்திராணி பொன்வசந்த், குடும்பச் சூழ்நிலை என்று காரணம் சொல்லி விலகினார். மாமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

வழக்கு பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கைது என்பது குற்றத்துக்குச் சான்று அல்ல, விலகலும் அல்ல. ராஜினாமாக் கடிதத்தில் குடும்பக் காரணம் எழுத யாருக்கும் உரிமை உண்டு. நான் கேட்பது மாமன்றத்தை. 1971 மே முதல் நாளிலிருந்து மாநகராட்சியாக இருக்கும் ஊர் இது. இன்று 100 வார்டு. முறைகேடு நடந்தது என்று கண்ட கட்டடங்களுக்கு வரி மறுபடி நிர்ணயிக்கப்பட்டதா? நிலுவை எவ்வளவு வசூலாகியிருக்கிறது? வரியைத் திருத்தும் அதிகாரம் இப்போது கணினியில் யார் யாரிடம் இருக்கிறது? ஒவ்வொரு திருத்தமும் யார் செய்தது, எப்போது செய்தது என்று பதிவாகிறதா? தணிக்கை அறிக்கை மாமன்றத்தில் வைக்கப்பட்டு விவாதிக்கப்பட்டதா? எதிர்க்கட்சியினர் ரூ.150 கோடி என்றார்கள். அது கூடுதலா குறைவா என்பதைக்கூட வார்டுவாரிக் கணக்கு வெளிவந்தால்தான் சொல்ல முடியும். செல்லூரில் 600 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு தவறாமல் வரி கட்டுகிற நெசவாளிக்கு இந்த விடைகளைத் தர மாமன்றம் கடமைப்பட்டிருக்கிறது.

நண்பர்களே,

குற்றம் நிரூபணமாகும் வரை ஏன் விலக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கோப்பு எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையின் சாவி புகாருக்கு ஆளானவரிடம் இருக்கக் கூடாது. சாட்சி சொல்ல வேண்டிய எழுத்தருக்கு அவரே மாறுதல் உத்தரவு போடும் நிலையில் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் விலகல். அது தண்டனையும் அல்ல, தியாகமும் அல்ல, விசாரணைக்கு வழிவிடும் நிர்வாக ஏற்பாடு. அப்படிப் பார்த்தால் விலகுபவருக்கும் அவமானம் இல்லை, விலகச் சொல்பவருக்கும் பகை இல்லை.

எனவே அடுத்த முறை ராஜினாமாச் செய்தி வரும்போது, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விசாரிப்பவர் யார், அவரை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? விசாரணையில் தெரிந்தது எந்தத் தேதிக்குள் பொதுப் பதிவில் வரும்? போன பணம் எவ்வளவு திரும்பியது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. வார்டுக் குழுவும் பகுதி சபையும் சட்டத்தில் இருக்கின்றன. இந்த அரங்கிலிருக்கும் மாணவர்களில் பத்துப் பேர் சேர்ந்து தங்கள் வார்டின் சொத்து வரிக் கேட்புப் பட்டியலை ஆண்டுதோறும் படிக்கத் தொடங்கினால், அடுத்த முறைகேடு ராஜினாமா வரை வளராது. அந்தப் படிப்பு தொடங்குமானால் இந்த அறக்கட்டளையின் நோக்கமும் நிறைவேறும்.